சாலிட் ஸ்டேட் ஆம்ப் மீது விழுந்த பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எலெக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்குவோருக்காகத் தங்கள் இசைப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் தந்திகளை மாற்றுவது பற்றியும் அதில் சொல்லப்பட்டவை தெளிவானவை; என் மாணவர்களையும் படிக்கச் சொன்னேன். ஆனால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) பற்றிய பத்தியில், டியூப் எனப்படும் கண்ணாடி வால்வுகளில் இயங்கும் டியூப் ஆம்ப்தான் உண்மையான ஆம்ப் என்றும், சாலிட் ஸ்டேட் எனப்படும் டிரான்சிஸ்டர் ஆம்ப் அதை வாங்க வழியில்லாதவர்கள் தற்காலிகமாக வைத்துச் சமாளிக்கும் பொருள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இது அவர் ஒருவரின் கருத்து மட்டுமன்று. கிட்டார் வாசிப்போரிடையே பல தலைமுறைகளாக வழிவழியாக வரும் நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது, இன்று அதில் எவ்வளவு உண்மை மிச்சம் இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பழி விழுந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வானொலிப் பெட்டி முதல் தொலைக்காட்சி வரை வால்வுகளின் இடத்தை அது படிப்படியாகப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், கிட்டார் ஆம்ப் தயாரித்த நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் தன் சாலிட் ஸ்டேட் வரிசையை வெளியிட்டது. அது எடுபடவில்லை, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அன்றைய பவர் டிரான்சிஸ்டர்களுக்குச் சூடுதான் எமன். சூடு ஏறினால் அவற்றின் வழியே பாயும் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலில் சிக்கினால் சிறிது நேரத்தில் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட் ஆனாலும் அதே கதிதான், ஏனெனில் பாதுகாப்புச் சுற்றுகள் இன்னும் பக்குவப்படாத காலம் அது. நிகழ்ச்சியின் நடுவில் ஆம்ப் ஓய்ந்துபோய் மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கலைஞர், அடுத்த முறை அதன் பக்கம் திரும்பியிருக்கமாட்டார் என்பது எளிதில் புரிகிறது.

ஒலியிலும் குறை இருந்தது. வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்கான ஆம்ப்பை வடிவமைப்பவருக்கு, ஒலி சிதையாமல் இருப்பதே இலக்கு. கிட்டார் வாசிப்பவரோ ஆம்ப்பை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளி, அங்கே பிறக்கும் சிதைவையே தன் குரலாக்கிக்கொள்கிறார். அன்றைய பொறியாளர்கள் பலர் முதலாவது நோக்கத்துக்கான சிந்தனையை இரண்டாவது நோக்கத்துக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பிச் சிதைவைக் குறைக்கும் உத்தி, அதிகமாகக் கொடுக்கப்பட்ட டிரான்சிஸ்டர் சுற்று, எல்லை வரை துல்லியமாக வேலை செய்துவிட்டு, எல்லையைத் தொட்டவுடன் ஒலியலையின் உச்சியைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடும். டியூப் சுற்றில் அந்த மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. உச்சி முதலில் அமுங்கும், பிறகு வளையும், பிறகுதான் தட்டையாகும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரக்கத் தொடங்குவது அதனால்தான்.

இதைவிட நுட்பமான இன்னொரு காரணமும் உண்டு. கட்டுரைகளில் இது அரிதாகவே பேசப்படுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 8 ஓம் (ஓம் என்பது மின் எதிர்ப்பின் அலகு) என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லா அலைவெண்களிலும் 8 ஓமாக இருப்பதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் தாழ்ந்த அலைவெண்ணில், அதாவது ஏறத்தாழ 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, பல மடங்கு உயர்கிறது. மேல் ஸ்தாயி நோக்கிப் போகப் போக மறுபடியும் ஏறுகிறது. டியூப் ஆம்ப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தன் சக்தியைக் கொடுக்கும்போது, இம்பீடன்ஸ் உயரும் இடங்களில் ஸ்பீக்கருக்குக் கூடுதல் மின்னழுத்தம் போய்ச் சேர்கிறது. அடித்தந்தியில் ஒரு புடைப்பு, மேல் தந்திகளில் ஒரு மினுமினுப்பு என்று நம் காது உணர்வதில் பெரும்பங்கு இதற்குரியது. பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் அப்படியல்லாமல், ஸ்பீக்கர் என்ன செய்தாலும் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்து வைத்திருந்தது. அது தவறன்று, இசைத்தட்டு கேட்கும் ஆம்ப்புக்கு அதுவே சிறப்பு. கிட்டாருக்கோ ஒலி தட்டையாக, உயிரற்றதாகத் தோன்றியது. இதற்கு மருந்து பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பீக்கருடன் தொடரில் ஒரு சிறிய ரெசிஸ்டரை வைத்து, ஸ்பீக்கரில் பாயும் மின்னோட்டத்திலிருந்தும் ஃபீட்பேக் எடுத்தால், டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்துக்கு இணங்கிப் போகும். கரண்ட் ஃபீட்பேக் எனப்படும் இந்த உத்தி கிட்டாருக்காகவே வடிவமைக்கப்பட்ட பல சாலிட் ஸ்டேட் ஆம்ப்களில் இன்று சாதாரணம். 1966-இன் குறையை இன்றைய ஆம்ப் மீது சுமத்துவது நியாயமன்று என்று நான் சொல்வதன் அடிப்படை இதுவே.

மாணவர்கள் டிரான்சிஸ்டர் ஒலி என்று சொல்லி முகம் சுளிக்கும்போது, அவர்கள் கேட்டது பெரும்பாலும் சிறு பெட்டியின் ஒலியாகவே இருக்கிறது. ஆரம்பப் பயிற்சிக்கென்று விற்கப்படும் 10 வாட் ஆம்ப்கள் பலவற்றில் 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கரும் மெல்லிய பலகைப் பெட்டியும்தான் இருக்கின்றன. கிட்டாரின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அலைவெண் 82 ஹெர்ட்ஸ். அதைக் கனமாக வெளிக்கொணரும் வலு அந்தப் பெட்டிக்குக் கிடையாது. வெளி ஸ்பீக்கருக்கான துளை உள்ள சிறு ஆம்ப் ஒன்று கையில் இருந்தால், ஓம் அளவு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினட்டில் இணைத்துப் பாருங்கள். எந்தக் குமிழையும் திருப்ப வேண்டாம். அடித்தந்திகளில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு ஓர் இ கார்டு வாசித்தால், சற்று முன்பு தகர டப்பாவிலிருந்து வந்த ஒலி இப்போது தரையில் இறங்கி நிற்பது தெரியும். டிஸ்டார்ஷனை, அதாவது ஒலிச் சிதைவை, கூட்டினால் காதைக் குத்திய கீறல் ஒலியும் பெருமளவு அடங்கியிருக்கும், ஏனென்றால் 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரும் ஒலியை வேகமாகக் குறைத்துவிடுகிறது. ஆம்ப்பினுள்ளே ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. இந்தச் சோதனையை ஒருவர் தம் காதால் கேட்டுவிட்டால், அதன் பிறகு அவரிடம் நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

குறைகளுக்கு விடை சொன்னால் மட்டும் போதாது. சாலிட் ஸ்டேட் ஆம்ப்பை விரும்பியே தேர்ந்தெடுப்பதற்கான காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் முதன்மையானது அதன் தெளிவான ஒலி. ரோலண்ட் நிறுவனத்தின் ஜேசி-120 ஜாஸ் கோரஸ் 1975-இல் வெளிவந்தது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 60 வாட் பவர் ஆம்ப். கோரஸ் விசையைப் போட்டவுடன் ஒரு ஸ்பீக்கர் கிட்டாரின் நேர் ஒலியைத் தருகிறது; மற்றொன்று மிகச் சிறு தாமதத்துடன் சுருதி மெல்ல ஏறி இறங்கும் ஒலியைத் தருகிறது. இரண்டும் மின்சுற்றுக்குள் கலப்பதில்லை, ஆம்ப்புக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்றில்தான் கலக்கின்றன. அதனால்தான் ஆம்ப்பின் முன்னே நடுவில் நின்று ஒரு கார்டை மீட்டி அடங்க விட்டால், ஒலி பெட்டியைவிட அகலமாக விரிவதை உணர முடிகிறது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் தன்மையே மாறிவிடுகிறது. ஒன்பதாம் ஸ்வரமும் பதினொன்றாம் ஸ்வரமும் சேர்த்துக் கட்டிய கார்டில் ஒவ்வொரு தந்தியும் தன்னிடத்தில் தனித்துக் கேட்கும். வேகமாக ஸ்ட்ரம் செய்தாலும் ஒலி அமுங்குவதில்லை, குழம்புவதும் இல்லை. தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ், தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் போன்றோரும், தெளிவான பகுதிகளுக்கு மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் இந்த ஆம்ப்பை நாடியது வேறு ஆம்ப் வாங்க வழியில்லாமல் அல்ல. வெளிவந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும் இது தயாரிப்பில் இருக்கிறது.

இனிமையான, உருண்டு திரண்ட ஒலி டிரான்சிஸ்டரிலிருந்து வராது என்பவர்களுக்கு நான் பி.பி. கிங்கைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். ப்ளூஸ் கிட்டாரின் கனிந்த குரல் என்று உலகம் போற்றும் அவர் நெடுங்காலம் மேடையில் பயன்படுத்தியது லேப் சீரீஸ் எல்5, முழுக்க முழுக்க சாலிட் ஸ்டேட் ஆம்ப். கிப்சன் நிறுவனத்தை அப்போது வைத்திருந்த நார்லின், தன்னிடமே இருந்த, சிந்தசைசர் தயாரித்த மூக் நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டு 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியது அது. ஜாஸில் ஜோ பாஸ் பாலிடோன் ஆம்ப்பையும், பேட் மெத்தனி அக்கூஸ்டிக் நிறுவனத்தின் 134 ஆம்ப்பையும் தம் ஒலியின் அங்கமாக்கிக்கொண்டார்கள். அதற்கு முன்பே கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஜான் ஃபோகர்டி, கஸ்டம் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்புடன் 1960களின் இறுதியிலேயே மேடையேறினார். கனமான இசையிலும் இதுவே நிலை: பான்டேரா என்ற மெட்டல் குழுவின் டைம்பேக் டேரல் 1990களில் வாசித்த கூர்மையான ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்களுக்கு) ராண்டல் நிறுவனத்தின் சாலிட் ஸ்டேட் ஆம்ப்தான் அடித்தளம். தந்தியை அமுக்கியவுடன் ஒலி சட்டென்று நின்று, அடுத்த அடியில் சட்டென்று எழ வேண்டிய அந்த வாசிப்புக்கு, டியூப் ஆம்ப்பின் மெல்லிய தொய்வு உதவாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டியூப் ஆம்ப்தான் ஆம்ப் என்று சொல்லும் அதே கிட்டாரிஸ்டின் காலடியில், மிதித்து ஒலியை மாற்றும் சில பெடல்கள் எப்போதும் இருக்கும். ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடல்களிலேயே பெரும்புகழ் பெற்ற ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரின் உள்ளே இருப்பது 4558 வகை ஆப்-ஆம்ப் சிப்பும் (டிரான்சிஸ்டர்களால் ஆன சிறு பெருக்கிச் சில்லு) இரண்டு டையோடுகளும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் இருந்தவை இரண்டே டிரான்சிஸ்டர்கள். டியூப் ஆம்ப்பின் பொற்காலம் என்று கொண்டாடப்படும் பதிவுகள் பலவற்றில் முதல் கரகரப்பு டிரான்சிஸ்டரிலேயே பிறந்து, பிறகுதான் டியூபுக்குள் நுழைந்திருக்கிறது. பெடலுக்குள் இருந்தால் மந்திரம், ஆம்ப்புக்குள் இருந்தால் குறை என்று ஒரே பொருளுக்கு இரு நீதி வைப்பது எனக்கு விளங்கவில்லை.

புதிதாகக் கற்பவருக்கு முக்கியமானது ஒலியளவு. டியூப் ஆம்ப்பின் சிறப்பு முழுமையாக வெளிப்பட, ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் அதன் பவர் டியூப்கள் உழைக்க வேண்டும். அதற்கு வால்யூமை நன்றாக ஏற்ற வேண்டும். இறுதி ஒலியளவைத் தனியே குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் வந்த பிறகு, முதல் கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூப்களை மட்டும் தனியாகக் கரகரக்க வைக்க முடிகிறது என்பது உண்மைதான், ஆனால் டியூப் ஒலியின் நிறைவில் ஒரு பகுதி அதில் விடுபட்டுப்போகிறது. அடுத்த அறையில் யாரோ உறங்கிக்கொண்டிருக்கும்போது தாழ்ந்த குரலில் பயிற்சி செய்பவருக்கு 50 வாட் டியூப் ஆம்ப்பால் என்ன பயன்? நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப் தாழ்ந்த வால்யூமிலும் ஏறக்குறைய அதே குணத்துடன் ஒலிக்கிறது. விசையைப் போட்டதும் தயார். சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று எந்த இடத்தில் குமிழை விட்டீர்களோ அதே ஒலி இன்றும் கிடைக்கும். தன் விரல்களின் தவறு எது, கருவியின் குறை எது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த மாறாத தன்மை பெரிய உதவி என்பதை ஆசிரியர் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

வாட் கணக்கில் நிலவும் குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது சிறு ஏற்றம். டியூப் வாட் டிரான்சிஸ்டர் வாட்டைவிடப் பெரியது என்று சொல்லப்படுவதற்குக் காரணம், டியூப் ஆம்ப்பை நாம் அதன் எல்லைக்கு மேலும் இனிமையாக ஓட்ட முடிவதும், சாலிட் ஸ்டேட் ஆம்ப்பை எல்லைக்குக் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதும்தான். ஆகவே டிரம்ஸுடன் வாசிக்கப்போகிறவர் சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் தாராளமான வாட் அளவை எடுப்பது நல்லது.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பவர் டியூப்கள் தேயும் பொருள்கள். அடிக்கடி மேடையேறுபவர் அவற்றை அவ்வப்போது மாற்றி, பல ஆம்ப்களில் பயஸையும் (ஒலி இல்லாதபோது டியூபில் பாயும் மின்னோட்டத்தின் அளவையும்) சரிசெய்ய வேண்டும். டியூப்கள் இன்று சில நாடுகளில் மட்டுமே, விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளில் தயாராகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா விதித்த ஏற்றுமதித் தடையால் அந்நாட்டு டியூப்கள் வராது என்ற செய்தி பரவியபோது உலகெங்கும் கிட்டார் வாசிப்போர் கலங்கியதும், பின்னர் வரத்து மீண்டதும் பலருக்கு நினைவிருக்கும். தன் ஒலி முழுவதையும் அத்தகைய ஒரு பொருளின் மீது கட்டியெழுப்பும்படி தொடக்க மாணவரிடம் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

டியூப் ஆம்ப்பின் சிறப்பை நான் மறுக்கவில்லை. கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தவுடன் கரகரப்பு விலகி ஒலி தெளிந்து வரும் அழகில், நல்ல டியூப் ஆம்ப்பை மிஞ்சுவது இன்றும் கடினம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கவும் டியூபையே பயன்படுத்தும், டியூப் ரெக்டிஃபையர் உள்ள ஆம்ப்பில் வலுவாக மீட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு ஒலி மலர்வது விரலுக்கு இன்பமான அனுபவம். பழைய டியூப் ஆம்ப்பைக் கைதேர்ந்தவர் எளிதாகப் பழுதுபார்க்கிறார். நெருக்கமாகச் சிறு உறுப்புகள் பதித்த இன்றைய சர்க்யூட் போர்டு சில நேரங்களில் தூக்கியெறியத்தான் வேண்டியிருக்கிறது, இதை சாலிட் ஸ்டேட்டின் உண்மையான குறை என்றே கருதுகிறேன். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றாலே இலேசானது என்பதும் முழுச் சரியில்லை. ஜேசி-120 ஏறத்தாழ 28 கிலோ எடையுள்ளது, படியேற்றியவர்களுக்கு அதன் கனம் தெரியும். கிளாஸ்-டி எனப்படும், சூடு குறைந்த இலேசான பவர் ஆம்ப்கள் வந்த பிறகுதான் மேடைக்குப் போதுமான சக்தியுள்ள ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போக முடிகிறது. பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இந்த மாற்றத்தைப் பெரிய தயக்கமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கட்டுரையில் விடுபட்டுப்போன பாதுகாப்புச் செய்தி ஒன்று உண்டு. அதைத் தாங்கள் தவறாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டியூப் ஆம்ப்பின் உள்ளே பொதுவாக 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். பழகாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகும். சாலிட் ஸ்டேட் ஆம்ப் பொதுவாக ஸ்பீக்கர் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஓம் உள்ள ஸ்பீக்கரை மாட்டினால் அதற்கும் ஆபத்துதான்.

தங்கள் இசைப் பக்கத்தில் ஆம்ப் பற்றிய அடுத்த கட்டுரை வரும்போது, ஸ்பீக்கரின் அளவையும் பெட்டியின் அமைப்பையும் வாட் அளவையும் குறிப்பிட்டு எழுதுமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். வாங்க வருபவர் இரண்டு ஆம்ப்களையும் ஒரே 12 அங்குல கேபினட்டில், தாம் வழக்கமாக வாசிக்கும் ஒலியளவில், தம் சொந்தக் கிட்டாருடன், எது எது என்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும். ஒயரை மாற்றும்போது இரண்டையும் அணைத்துவிட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரும் கிட்டார் ஆசிரியருமான ஒருவர்